‘இதைக்கூடப் பார்க்கவில்லையா?’

கல்லூரி விடுதி ஒன்றின் மாலைப்பொழுது. சிற்றூரினின்று அன்றுதான் வந்து சேர்ந்த மாணவன் ஒருவனைச் சுற்றி நகர்ப்புற மாணவர் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். பேச்சு திரைப்படத்தின்மேற் செல்கின்றது. ஒருவன் ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைச் சொல்கின்றான். புதியவன் விழிக்கின்றான். “என்ன, அதைக்கூடப் பார்க்கவில்லையா?” என நால்வர் வாயும் ஒருங்கே திறக்கின்றன. அடுத்து ஓர் இந்திப் படத்தின் பெயர். அதனையும் அவன் பார்த்ததில்லை. “நீ எந்த ஊரில்தான் இருந்தாய்?” என்னும் கேள்வியோடு நகைப்பும் எழுகின்றது. மூன்றாவதாக ஒரு படத்தின் பெயர் வந்தவுடன் அம் மாணவன் தலையை அசைத்து, “பார்த்திருக்கிறேன்” என்கின்றான். அவன் அதனையும் பார்த்ததில்லை. கல்லூரிக்கு வந்த முதல் நாளில் அவன் கற்றுக்கொண்ட முதற்பாடம் பொய்!

அவன் ஒன்றும் அறியாதவன் அல்லன். எந்த மழைக்கு எந்த விதை என்பதை அறிவான். ஊர்க் கூத்தில் விடிய விடிய ஆடப்படும் கதையை வரி பிறழாது சொல்லுவான். பாட்டியின் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் அவன் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் ஒன்றையும் அந் நால்வர் அறியார். ஆயினும், “தெருக்கூத்தைக்கூடப் பார்க்கவில்லையா?” என்று அவன் கேட்டிலன், கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை. அவனது அறியாமை குறையாயிற்று. அவர்களது அறியாமை நாகரிகமாயிற்று. இத் தீர்ப்பை வழங்கியவர் யாவர்? எந்த மன்றத்தில் வழங்கினர்?

சிறு கேள்விதானே, விளையாட்டாகக் கேட்பதுதானே என்பர் சிலர். விளையாட்டாகக் கேட்கும் கேள்வியே ஒருவன் உள்ளத்தின் ஆழத்தில் தைக்கும். வெளிப்படையாக இகழ்ந்தால் எதிர்த்து நிற்கலாம். வியப்பென்னும் முகமூடி அணிந்து வரும் இகழ்ச்சியை எதிர்ப்பது எங்ஙனம்? அதற்கு அஞ்சியே ஆயிரம் இளைஞர் தாம் பாராத படங்களைப் பார்த்ததாகச் சொல்லி வாழ்கின்றனர். விரும்பாத படங்களைக் கண்விழித்துப் பார்த்துத் தீர்க்கின்றனர்.

‘எல்லாரும்’ என்போர் யாவர்?

“எல்லாரும் பார்த்த படம்” என்னும் எண்ணமே இக் கேள்விக்கு அடித்தளம். அந்த ‘எல்லாரும்’ என்போர் எவ்வாறு உண்டாயினர் என்பதை ஆராய்ந்தால் அடித்தளம் மணலென்பது விளங்கும்.

ஆலிவுட்டில் பிராங்கு காப்பிரா என்னும் இயக்குநர் 1946-இல் ‘இட்சு எ வொண்டர்புல் லைப்பு’ என்றொரு படம் எடுத்தார். வாழ்வின் அருமையைக் கூறும் நல்ல படமே. எனினும் அது வெளிவந்தபோது போட்ட முதலைக்கூட மீட்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 1974-இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பியாது விட்டனர். உரிமைக் கட்டணமின்றியே காட்டலாம் என்னும் நிலை ஏற்பட்டதும், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறித்துப் பிறப்பு விழாத்தோறும் அதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. சில்லாண்டுகளில் அது ‘எல்லாரும் பார்த்த படம்’ ஆயிற்று. அதன்பின், அதனைப் பாராத அமெரிக்கனைப் பார்த்து மற்ற அமெரிக்கர் வியந்தனர். 1946-இல் பாராதவர் பலர் இருந்தும் வியந்தவர் இலர். படத்தில் ஒரு காட்சி கூடவுமில்லை, குறையவுமில்லை. மாறியது கட்டணம் ஒன்றே!

‘விசார்டு ஆப் ஓசு’ என்னும் படம் 1939-இல் வெளிவந்தது. அதனை அமெரிக்கக் குழந்தைகள் அனைவரும் அறிந்த படமாக்கியது 1956-இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு. 1959 முதல் அது ஆண்டுதோறும் திருவிழாப்போலக் காட்டப்பட்டது. 1994-இல் வெளிவந்த ‘சாசாங்கு ரிடெம்சன்’ திரையரங்குகளில் தோற்ற படம். ஏழு துறைகளில் ஆசுக்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டும் ஒன்றேனும் பெறவில்லை. பின்னர் வீட்டிற் காணும் ஒளிப்பேழைகளாலும், 1997 முதல் ஓயாது நடந்த தொலைக்காட்சி ஒளிபரப்பாலும் அது பெயர்பெற்றது. இன்று தமிழ்நாட்டு இளைஞன் ஒருவன் அதனைப் பார்க்கவில்லை என்றால், மற்றோர் இளைஞன் அவனை இரக்கத்தோடு நோக்குகின்றான். வெளிவந்த ஆண்டில் அமெரிக்கரே பொருட்படுத்தாத படத்தைப் பாராமை, முப்பதாண்டு கழித்துத் தமிழனுக்குக் குற்றமாயிற்று!

இவை தீய படங்கள் என்பது கருத்தன்று. நல்லனவே. ஆயின் அவற்றின் நன்மை முதல் நாளிலேயே அவற்றில் இருந்தது. அவற்றை ‘எல்லாரும் பார்த்தவை’ ஆக்கியது நன்மையன்று. வணிகரின் திரும்பத் திரும்பக் காட்டும் ஆற்றல். எத்தனை அரங்கிற் காட்டினர், எத்தனை முறை ஒளிபரப்பினர், எத்தனை மொழியில் ஒலிமாற்றினர் என்பதே கணக்கு. இன்று அவ் வேலையை இணையப் படக் குழுமங்கள் செய்கின்றன. கைப்பேசியைத் திறந்தவுடன் முன்னிற்கும் படம் தானே வந்து நிற்பதில்லை, நிறுத்தப்படுகின்றது. ஆகவே, “இதைக்கூடப் பார்க்கவில்லையா?” என்று கேட்பவன் தன் சுவையைக் காட்டவில்லை. யாரோ ஒரு வணிகனுக்குக் கூலியின்றிப் பறையறைகின்றான்.

வியப்பு ஒருவழியே ஓடுகின்றது

‘சோலே’ என்னும் இந்திப் படம் 1975 ஆகத்து 15-இல் வெளிவந்தது. மும்பையின் ஓர் அரங்கில் ஐந்தாண்டுக்குமேல் ஓடிய படம் அது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் அதே நாளில்தான். அந் நிலையத்தின் வழியே இந்திப் படங்களும் இந்திப் பாட்டு நிகழ்ச்சிகளும் தமிழர் வீட்டுக் கூடத்திற்குள் வந்து அமர்ந்தன. 1982-இல் நாடு முழுவதற்குமான பொது ஒளிபரப்பு தொடங்கியபின் இந்தி நிகழ்ச்சிகளின் வரத்து பெருகிற்று. வேறொன்று பார்க்க விரும்பியவனுக்கு அந்நாளில் வேறு வழியே இல்லை. வழியை அடைத்துவிட்டுக் காட்டிய படங்களை ‘எல்லாரும் பார்த்தனர்’ என்பதில் என்ன வியப்பு?

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ் மாணவர் தெருவில் இறங்கினர். தீக்குளித்து உயிர்நீத்தாரும் உண்டு. நான்கே ஆண்டு கழித்து, 1969-இல் வெளிவந்த ‘ஆராதனா’ என்னும் இந்திப் படம் சென்னையிற் பல திங்கள் ஓடிற்று. அதன் பாட்டுகளைப் பொருள் தெரியாமலே தமிழிளைஞர் முணுமுணுத்தனர். ஆணையாற் புகமுடியாத மொழி இசையாற் புகுந்தது. இசையைச் சுவைத்தது குற்றமன்று. ஆயின் அதனைக் கேளாதவனை நாட்டுப்புறத்தான் என்று நகைத்தார்களே, அது குற்றம். திணிக்க வந்தவன் செய்ய முடியாததைத் திணிப்பை எதிர்த்தவனின் தம்பியே செய்து முடித்தான்!

இனி எதிர்ப்புறம் நோக்குக. ‘பராசக்தி’ 1952-இல் வெளிவந்தது. சிவாசி கணேசன் என்னும் மாபெரும் நடிகரை அறிமுகப்படுத்திய படம். மு. கருணாநிதியின் உரையாடலை ஊர்தோறும் இளைஞர் மனப்பாடமாக ஒப்பித்த படம். ஒரு நாட்டின் அரசியற் பேச்சையே மாற்றிய படங்களுள் ஒன்று. மும்பையிலோ தில்லியிலோ வாழும் ஒருவன் அதனைப் பார்க்கவில்லை என்று நாணியதுண்டா? “பராசக்தியைக்கூடப் பார்க்கவில்லையா?” என்று அவனை யாரேனும் வியந்ததுண்டா? இல்லை. அவன் பாராதது இயல்பு. தமிழன் ‘சோலே’யைப் பாராதது குறை! வியப்பு என்பது மேட்டினின்று பள்ளத்திற்கே ஓடும் நீர். எது மேடு, எது பள்ளம் என்பதை வலிமையும் பணமும் முடிவு செய்கின்றன. தன்னைத் தானே பள்ளத்தில் நிறுத்திக்கொள்பவன் பிறரைப் பழித்துப் பயனென்?

வெளியார் வியக்காதது இருக்கட்டும், தமிழரேனும் வியக்கின்றனரா? சு. பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் வெளிவந்தது. பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை. ஒரு கொலையைப் பலர் பார்வையிற் சொல்லி முடிக்கும் துணிவு அன்றே தமிழ்த்திரைக்கு இருந்தது. அப் படம் பெருவணிகம் செய்யவில்லை. செயகாந்தன் தம் புதினத்தைத் தாமே இயக்கி ‘உன்னைப்போல் ஒருவன்’ எனப் படமாக்கினார். சேரி வாழ்வை ஒப்பனையின்றிக் காட்டி நடுவணரசின் விருதும் பெற்ற அப் படத்தை எத்தனை தமிழர் கண்டுள்ளனர்? பாலு மகேந்திராவின் ‘வீடு’ ஓர் எளிய பெண் ஒரு சிறு வீடு கட்டப் படும் பாட்டைக் காட்டியது. இவற்றைப் பார்க்காதவரைக் கண்டு தமிழ்நாட்டில் ஒருவரும் வாய்பிளப்பதில்லை. கொரிய நாட்டுத் தொடரைப் பார்க்காதவரைக் கண்டு பிளக்கின்றனர்.

பார்க்கவே முடியாத படங்கள்

இன்னும் ஒருபடி மேலே சென்று எண்ணுக. 1937-இல் ‘சிந்தாமணி’ என்றொரு தமிழ்ப்படம் வந்தது. தியாகராச பாகவதர் நடித்துப் பாடியது. ஒரே அரங்கில் ஓராண்டுக்குமேல் ஓடிய முதல் தமிழ்ப்படம் அதுவே. அது தந்த ஊதியத்தைக்கொண்டே மதுரையில் அதே பெயரில் ஒரு படக்கொட்டகை கட்டினர் என்றால் அதன் ஓட்டத்தை உய்த்துணரலாம். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மக்கள் பார்க்கச் சென்ற காலம். அன்று அதனைப் பாராதவனைக் கண்டு ஊரே வியந்திருக்கும்.

இன்று அப் படத்தை எவராலும் பார்க்க முடியாது. அறியப்பட்ட ஒரு படியும் எஞ்சவில்லை. அழிந்தது!

1931 அற்றோபர் 31-இல் சென்னையில் வெளியான ‘காளிதாசு’ தமிழ் பேசிய முதற்படம். தி. பொ. இராசலட்சுமி அம்மையார் நடித்த அப் படத்திலும் ஓர் அடிச்சுருள்கூட எஞ்சியதாகத் தெரியவில்லை. அதற்கும் முன்னர், பேசாப்பட நாளில் நடராச முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த ‘கீசகவதம்’ அவ்வாறே மறைந்தது. மிகப் பழைய காலத்தனவே அழிந்தன என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 1980களில் எடுத்த ‘வீடு’ படத்தின் மூலச்சுருளே இல்லாமற்போயிற்று என்று, 2014-இல் மறைந்த பாலு மகேந்திரா தம் இறுதிக்காலத்தில் வருந்தினார்.

ஏன் அழிந்தன? பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளாற் செய்யப்பட்டது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது கெட்டுப் பொடியாகும். சுருளின்மேற் பூசிய வெள்ளியைப் பிரித்தெடுக்க அதனை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. ஓடிமுடித்த படம் முதலாளிக்கு வெறுஞ் சுமை; கிடங்கு வாடகைக்குக் கேடு. நடுவணரசு புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைத்ததே 1964-இல்தான். அதற்குள் தமிழ் பேசும்படத்திற்கு முப்பத்து மூன்று அகவை ஆகிவிட்டது. ஊரெல்லாம் பார்த்த படத்தை ஒருவரும் காக்கவில்லை. ‘எல்லாரும் பார்த்தது’ என்னும் பெருமை ஒரு படத்தை ஒரு நாளேனும் கூடுதலாக வாழவைக்கவில்லை.

1944-இல் வந்த ‘அரிதாசு’ சென்னைப் பிராடுவே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நல்லகாலமாக அது எஞ்சியுள்ளது. எஞ்சியும் இன்றைய இளைஞர் எத்தனைபேர் அதனைப் பார்த்துள்ளனர்? பாட்டன் தலைமுறைக்கு வியப்பு; பேரன் தலைமுறைக்கு அப் பெயரே புதிது. இன்று “பார்க்கவில்லையா?” என்று மிரட்டும் படங்களின் நிலையும் எண்பது ஆண்டில் இதுவேயாகும். இருபதாண்டு ஏற்கும் அளவுகோலை ஒருவனின் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் அறிவுடைமையோ?

தமிழுணர்வாளர்க்கும் ஒரு சொல்

இத்துணையும் படித்துத் தலையசைக்கும் தமிழுணர்வாளர் தம் நெஞ்சிலும் கைவைத்துப் பார்த்தல் வேண்டும். “பராசக்தி பாராதவன் தமிழனா?” என்று இளைஞரை அதட்டும் பெரியவர் இல்லையா? “அந்தப் பழைய பாட்டுத் தெரியாதா? நீயெல்லாம் தமிழ் படித்து என்ன பயன்?” என்று மாணவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தும் ஆசிரியர் இல்லையா? விடுதி மாணவர் நால்வர்க்கும் இவர்க்கும் வேறுபாடு என்னை? படத்தின் பெயர் மாறிற்று, இகழ்ச்சி மாறவில்லை. நாணத்தால் ஒருவன் ஆங்கிலப் படத்திற்கு ஓடுவான். அதே நாணத்தால் தமிழைவிட்டும் ஓடுவான். இழிவுபடுத்தி வளர்க்கப்பட்ட மொழிப்பற்று உலகில் எங்கும் இல்லை.

அவ்வாறாயின், பாராதவனைப் ‘பார்க்கவில்லையா’ என்று கேட்கவே கூடாதோ எனின், கேட்கலாம். கேட்கும் முறை ஒன்றுண்டு. அதற்குத் தமிழ் வரலாற்றிலேயே சான்று இருக்கின்றது.

1880-ஆம் ஆண்டு. குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முறைமன்ற நடுவராக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்தீர் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் நீளப் பட்டியலிட்டார். முதலியார் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? என்று கேட்டார். சாமிநாதையர் அவற்றை ஏட்டிற்கூடக் கண்டிலர். வியப்பதற்கும் நகைப்பதற்கும் அதனினும் நல்ல வாய்ப்புண்டோ? தமிழாசிரியர் ஒருவர் சிலப்பதிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லையா என்று முதலியார் ஏளனம் செய்து கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் அது செய்திலர். சிந்தாமணியின் கையெழுத்துப்படியைக் கொணர்ந்து கையிற் கொடுத்தார். பாடம் சொல்லுமாறு வேண்டினார். ஏழாண்டு உழைப்பிற்குப்பின் 1887-இற் சீவக சிந்தாமணி அச்சேறிற்று. சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன.

கேள்வி ஒன்றே. ஒருவர் கேட்டுவிட்டு நகைக்கின்றார். மற்றொருவர் கேட்டுவிட்டுக் கொடுக்கின்றார். நகைப்பிற் பிறப்பது பொய். கொடுப்பதிற் பிறந்தது தமிழின் மறுவாழ்வு. ஏட்டிலிருந்த சிந்தாமணி ஒரு நல்ல கேள்வியாற் பிழைத்தது. திரையிலிருந்த ‘சிந்தாமணி’ ஊரே பார்த்தும் மாண்டது. இதனினும் தெளிவான பாடம் தமிழனுக்கு வேண்டுவதில்லை.

ஆகவே செயற்பாலன இவை. எம்மொழிப் படமாயினும் நல்லதாயின் தமிழர் காண்க, கண்டு களிக்க. ஆயின் அதனைப் பாராமைக்கு நாணற்க. பாராதவனை நாணச் செய்யற்க. பார்க்கவில்லையெனிற் பார்க்கவில்லை என்று தலைநிமிர்ந்து சொல்லுமாறு தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் பழக்குக. ஒரு நல்ல தமிழ்ப்படத்தை ஒருவன் கண்டிலன் எனில், அவனைப் பழிக்காமல் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு வெண்திரை கட்டி அதனைக் காட்டுக. வீட்டுப் பரணிலோ பழைய கொட்டகைக் கிடங்கிலோ கிடக்கும் சுருளும் பாட்டுப் புத்தகமும் சுவரொட்டியும் எடைக்குப் போகாமற் காக்க. தமிழ்ப் படச்சுருள்களைக் குளிர்காப்பில் வைத்து, எண்ணியப் படியெடுத்துப் பொதுமக்கள் காணத் தருமாறு தமிழ்நாட்டரசை ஓயாது வற்புறுத்துக. மேடைப் பேச்சிற் செலவிடும் மூச்சிற் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

மீண்டும் அவ் விடுதிக்குத் திரும்புக. சிற்றூர் மாணவன் இன்னும் அங்கேயே அமர்ந்திருக்கின்றான். நான்காவதாக ஒரு படத்தின் பெயர் வரப்போகின்றது. அவன் மீண்டும் பொய் சொல்ல வேண்டுமா, வேண்டாவா என்பது அவன் கையில் இல்லை. சுற்றியிருப்பார் வாயில் இருக்கின்றது. “இதைக்கூடப் பார்க்கவில்லையா?” என்னும் இகழ்ச்சிச் சொல் அவ் வாயினின்று ஒழியட்டும். “பார்க்கவில்லையா? வா, சேர்ந்து பார்ப்போம்” என்னும் சொல் பிறக்கட்டும். பின்னர், “உன் ஊர்க் கூத்தை எங்களுக்கு எப்போது காட்டுவாய்?” என்று அந் நால்வரும் கேட்கட்டும். அன்றே அம் மாணவன் தலைநிமிர்வான். அவனோடு தமிழும் தலைநிமிரும்.